அளவுகோலும் அறமும்

நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமையாக்கினார் வள்ளுவர். ஒரு பக்கம் சாயாதிருத்தல் கோலின் சிறப்பு. ஆயின், தட்டில் எதனை இட்டு நிறுப்பது என்பதைக் கோல் முடிவு செய்வதில்லை. அதனைப் பிடித்திருப்பவரே முடிவு செய்கிறார்.

சிங்கப்பூரின் பல்கலைக்கழகச் சேர்க்கை இவ்வினாவையே எதிர்கொண்டு வருகிறது. மதிப்பெண் ஒன்றே மாணவரைக் காட்டாது என்னும் எண்ணம் வலுப்பெற, நாட்டமும் திறனும் கருதி வழங்கப்படும் இடங்களின் வரம்பை 10 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடாக உயர்த்தும் அறிவிப்பு 2017இல் வந்தது. 2026ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல், மேல்நிலைத் தேர்வெழுதியோர்க்குரிய மொத்தப் புள்ளிகள் 90இலிருந்து 70ஆகக் குறைந்தன. நான்காம் பாடமும் தாய்மொழியும் மாணவரின் மதிப்பை உயர்த்தினால் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும்.

பொதுத்தேர்வின் அறம், விடைத்தாள் யாருடையது என அறியாதிருப்பதே. சிராங்கூன் சாலைக் கடைக்காரர் மகனுக்கும் மருத்துவர் மகளுக்கும் வினாத்தாள் ஒன்றுதான். ஆயினும் அவ்வினாத்தாளுக்கு ஆயத்தமாகும் வாய்ப்பு ஒன்றன்று. துணைப்பாட வகுப்புக்குச் செலவிட இயன்ற இல்லம் முன்னே நிற்கிறது.

நேர்காணல் இக்குறையைத் தீர்க்குமா? தயங்காது பேசவும், பயணமும் பயிற்சியும் காட்டவும் வல்லவர் பெரும்பாலும் வசதியுள்ள இல்லத்தவரே. முன்வாயிலில் தடுக்கப்பட்ட வேறுபாடு பின்வாயிலில் நுழைந்துவிடும். பள்ளி முடிந்ததும் கடையில் அமர்ந்து, நோயுற்ற பாட்டியையும் பேணும் மாணவனின் பொறுப்புணர்வைக் கேட்டறியத் தெரிந்தவர் எதிரே இருந்தாலன்றி, அவனுக்கு அப்புதிய கோலாலும் பயனில்லை. ஆகவே, அளவுகோலை மாற்றுதல் மட்டும் நீதியாகாது. அது யாரை எட்டவில்லை என்று தேடுதலே நீதி.

தமிழுக்கும் இது பொருந்தும். உயர்த்தினால் மட்டுமே எண்ணப்படும் பாடத்திற்கு நேரம் குறைவாக ஒதுக்கும் மாணவரைப் பழிப்பது எளிது. ஆனால் நெருக்கடியில் கணக்கிட்டு நடப்பது குற்றமன்று. தமிழில் தடுமாறுவோர்க்கு இவ்விதி நிழலாகவும் அமைகிறது. புள்ளிக்காக மட்டும் கற்ற மொழி, புள்ளி நீங்கியதும் தானும் நீங்கும். அவ்வாறாயின் அதனை நிலைநிறுத்தும் கடமை யாருடையது? பீட்டி சாலை உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையத்தின் வகுப்பறைக்கும், மாலையில் பிள்ளையோடு தமிழில் உரையாடும் இல்லத்திற்கும் உரியது. சேர்க்கை விதிமீது அச்சுமையை முழுவதும் ஏற்றிய சமூகம், விதி மாறும்போதெல்லாம் அஞ்ச வேண்டியிருக்கும்.

தேர்வு ஓர் இடத்தைப் பங்கிடும் கருவி. மனிதனின் மதிப்பையோ மொழியின் மதிப்பையோ நிறுக்க அது செய்யப்படவில்லை. இவ்வெல்லையை மாணவர்க்கு உணர்த்துவதும் ஆசிரியப் பணியே.