சம்மதித்துத்தானே விற்றாள்?

போடிநாயக்கனூரில் ஏலத்தை ஏலம் போட்டுத்தான் விற்கிறார்கள். காய்க்கும் அந்தப் பெயர்தான், விற்பனைக்கும் அந்தப் பெயர்தான். வண்டன்மேடு, பூப்பாறை பக்கத்துத் தோட்டங்களில் விளைந்த காய் மூட்டை மூட்டையாக மலையிறங்கி வருகிறது. நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையத்தில் ஒவ்வொரு குவியலுக்கும் மாதிரி எடுத்து வியாபாரிகளின் முன் வைக்கிறார்கள். அவர்கள் நிறம் பார்த்து, பருமன் பார்த்து, விசையை அழுத்தி விலை கேட்கிறார்கள். அன்றைக்கு என்ன உச்ச விலை, என்ன சராசரி விலை என்பது பொழுது சாய்வதற்குள் மலைமேல் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரின் காதுக்கும் எட்டிவிடுகிறது. ஏலம் நடத்துகிறவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்பதற்கு 1987-ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன. இந்த ஏற்பாட்டில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. குறைகளைக் கேட்க வேண்டுமானால் போடியில் எந்தத் தேநீர்க் கடையிலும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். ஆனாலும் விற்பவருக்குத் தம் பொருளின் விலை தெரியும். நாம் பேசப் போவது அந்த ஒன்றைப் பற்றித்தான்.

அதே மலையின் அடிவாரத்தில் பொட்டிபுரம் இருக்கிறது. நியூட்ரினோ ஆய்வுக்கூடத் திட்டத்தால் 2015-க்குப் பிறகு பத்திரிகைகளில் பெயர் அடிபட்ட ஊர். அந்த ஊரிலோ, பக்கத்தில் சில்லமரத்துப்பட்டியிலோ, ஒரு சகோதரி வீட்டில் இருந்தபடியே குரோஷா ஊசியால் தொழுகைத் தொப்பி பின்னுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளியூர் வியாபாரி ஒருவர் வாசலுக்கு வந்து தொப்பி ஒன்றுக்கு 40 ரூபாய் கொடுத்து எடுத்துப் போகிறார். சென்னையில் அதற்கு 200 ரூபாய் கிடைக்கிறது. அந்தச் சகோதரிக்கு 200 என்பது தெரியாது. யாரும் அவரை வற்புறுத்தவில்லை, மனமொப்பிக் கொடுத்தார். இந்த வியாபாரம் ஷரீஅத்தில் கூடுமா, கூடாதா? கூடும் என்றால், அந்த வியாபாரியின் மீது வேறு பொறுப்பு எதுவும் இல்லையா?

இது நாம் போட்ட கற்பனைக் கணக்கு. ஆனால் இதன் நிஜ உருவம் நம் சமுதாயத்துக்குள்ளேயே இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள பத்தமடையைத் தெரியாதவர் யார்? அங்கே லெப்பை குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கோரைப்பாய் நெய்து வருகின்றன. நெய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தாமிரபரணிக் கரைக் கோரையை அறுத்து, காயவைத்து, தண்ணீரில் நாள்கணக்காக ஊறப்போட்டு, மெல்லிய இழையாகக் கீறி, சாயம் ஏற்றி, பருத்தி நூலைப் பாவாகக் கட்டி நெய்கிறார்கள். முன்பெல்லாம் சிவப்புச் சாயத்துக்குச் சப்பங்கட்டையைக் காய்ச்சினார்கள். பட்டுப்பாய் என்று சொல்லப்படும் நேர்த்தியான பாய் ஒன்றுக்கு வாரக்கணக்கில் உட்கார வேண்டும். கைக்குட்டைபோல் மடித்து வைக்கலாம், அத்தனை மென்மை. மணமக்களின் பெயரை ஓரத்தில் நெய்து தரும் கல்யாணப் பாயை எத்தனையோ வீடுகளில் இன்றும் பெட்டிக்குள் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். 2012-13-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெயருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. ஆனால் எந்தக் குறியீடும் நெய்கிறவரின் விலையை நிர்ணயித்துக் கொடுப்பதில்லை. பிளாஸ்டிக் பாய் ஒருபக்கம் நெருக்க, தறியை விட்டு எழுந்து கடைத்தெருவுக்குப் போக முடியாதவர், வாசலுக்கு வந்தவர் சொன்ன விலைக்குத்தானே தர வேண்டியிருக்கிறது?

இனி மார்க்கத்துக்கு வருவோம். ஒருவர் பொருளை மற்றவர் தவறான வழியில் உண்ணலாகாது, பரஸ்பரம் பொருந்திச் செய்யும் வியாபாரமே ஆகும் என்று திருக்குர்ஆன் அந்நிஸா அத்தியாயத்தில் கட்டளையிடுகிறது. ஆகவே பொருத்தம் வேண்டும். எப்படிப்பட்ட பொருத்தம் என்பதற்கு நாயகம் (ஸல்) அவர்களின் ஒரு தடை நமக்கு விளக்கமாக இருக்கிறது. வெளியூரிலிருந்து சரக்கு ஏற்றி வரும் ஒட்டகக் கூட்டத்தை, அவர்கள் சந்தைக்கு வந்து விலையறிவதற்கு முன்பே வழியில் எதிர்கொண்டு வாங்குவதை அவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கப்பட்டால், சரக்குக்காரர் சந்தைக்கு வந்தபின் அவருக்கு விருப்ப உரிமை உண்டு என்று சஹீஹ் முஸ்லிமில் வருகிறது. கவனியுங்கள்: வழியில் விற்ற அந்தக் கிராமத்து அரபியும் சம்மதித்துத்தான் விற்றார், கழுத்தில் கத்தி வைக்கப்படவில்லை. இருந்தும் சந்தை விலையை அறிந்தபின் வரும் சம்மதத்துக்காக அவருக்கு இடம் விடப்பட்டது.

இமாம்கள் இதை அலசியிருக்கிறார்கள். வியாபாரம் செல்லும் என்பதில் இரு மத்ஹபுகளும் ஒன்றே. ஷாஃபிஈ மத்ஹபில் ஏமாந்தவருக்குப் பேரத்தை முறிக்கும் உரிமை உண்டு. ஹனஃபி மத்ஹபில் விலையை மறைத்து வாங்கினாலோ, ஊராருக்கு இடர் நேர்ந்தாலோ அது மக்ரூஹ். உஸ்மானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை ஹனஃபி சட்டத்தைத் தொகுத்த மஜல்லா இன்னும் நுணுகிப் பார்க்கிறது. சாதாரணச் சரக்கில் இருபதில் ஒரு பங்கு விலை மாறினாலே அது பெரும் நட்டம் என்று 165-ஆவது பிரிவு கணக்கு வைக்கிறது. ஆனால் வஞ்சகம் கலக்காத வெறும் நட்டத்துக்காகப் பேரத்தை முறிக்க முடியாது என்று 356-ஆவது பிரிவு சொல்கிறது. அநாதைச் சொத்து, வக்ஃபு, பைத்துல்மால் இவற்றுக்கு மட்டும் விலக்கு. ஆக, காஜியாரிடம் வழக்குப் போனால் தொப்பி வியாபாரி பெரும்பாலும் வென்றுவிடுவார்.

வென்றுவிடுவார் என்பதால் விஷயம் முடிந்ததா? ஹிஜ்ரி 505-இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவு உலூமித்தீனில் சம்பாத்தியத்தின் ஒழுக்கங்களைப் பேசும்போது ஒரு வரலாறு சொல்கிறார்கள். பஸ்ராவில் தாபியீன்களில் ஒருவர் இருந்தார். ஸூஸ் பகுதியிலிருந்த அவருடைய ஆள், இவ்வாண்டு கரும்பில் நோய் விழுந்துவிட்டது, சர்க்கரையை வாங்கி வையுங்கள் என்று கடிதம் எழுதினார். இவரும் ஏராளமாக வாங்கினார். முப்பதாயிரம் இலாபம் வந்தது. அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை: முப்பதாயிரம் கிடைத்தது, ஒரு முஸ்லிமுக்கு நலம் நாடும் கடமை போய்விட்டதே! விடிந்ததும் விற்றவரிடம் போய், நீர் விற்றபோது விலை ஏறியிருந்தது, உம்மிடம் மறைத்துவிட்டேன் என்று பணத்தை நீட்டினார். அவரோ, இப்போது சொல்லிவிட்டீரே, உமக்கே ஹலாலாக்கினேன் என்றார். பணத்தோடு வீடு திரும்பியவருக்கு மறுபடியும் தூக்கம் இல்லை. ஒருவேளை அவர் வெட்கப்பட்டுக்கொண்டு விட்டுக்கொடுத்திருப்பாரோ? மறுநாள் அதிகாலையில் மீண்டும் போய், எடுத்துக்கொள்ளும், என் மனதுக்கு இதுவே நல்லது என்று கொடுத்துவிட்டு வந்தார்.

போடியில் மலைமேல் மழை தப்பியதா, காய் அழுகியதா என்ற சேதிக்கு எவ்வளவு மதிப்பு என்பது எல்லா வியாபாரிக்கும் தெரியும். அந்தச் சேதியை வைத்து வாங்குவதே தொழில்திறமை என்று கருதப்படும் ஊரில், இந்த வரலாற்றை நிதானமாக இரண்டு முறை படிக்க வேண்டும். முதல் இரவு நமக்குப் புரிந்துவிடும். இரண்டாவது இரவில்தான் விஷயம் இருக்கிறது. அறிந்து கொடுத்த சம்மதத்தையும் அந்தப் பெரியவர் நம்பவில்லை. அதில் வெட்கம் கலந்திருக்குமோ என்று அஞ்சினார்.

நம் வீட்டுப் பெண்களின் நிலையை இங்கே நினைத்துப் பாருங்கள். வாசலுக்கு வந்த அந்நிய ஆணிடம் திரைக்கு இப்பால் நின்றுகொண்டு அவர்கள் பேரம் பேசுவதில்லை. வயதான மாமியாரோ பத்து வயதுப் பிள்ளையோ இடையில் நின்று பேசுகிறார்கள். "என்னமோ பார்த்துக் கொடுங்க பாய்" என்று ஒரு குரல் உள்ளிருந்து வரும்; அத்துடன் விலை முடிந்துவிடும். அந்த வார்த்தை வியாபாரியின் கைக்கு ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதையே தமக்குக் கிடைத்த சலுகையாக எடுத்துக்கொண்டு, அவங்க கேட்கவில்லையே, நான் ஏன் சொல்ல வேண்டும் என்கிறார்கள் சிலர். கேட்பதற்கு ஒன்று இருக்கிறது என்பதே தெரியாதவர் எதைக் கேட்பார்? வெட்கத்தைப் பயன்படுத்தி ஒருவரிடமிருந்து பெற்ற பொருள் பறித்த பொருளைப் போன்றது என்று ஃபிக்ஹு அறிஞர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பர்தா நம் பெண்களுக்கு மார்க்கம் தந்த கண்ணியம். அது வியாபாரிக்கு இலாபம் தரும் கருவியாகிவிடக் கூடாது.

உடனே ஒரு கேள்வி வரும். அலைந்து தேடிக் கண்டுபிடித்தவருக்கு ஒன்றுமில்லையா? நிச்சயம் உண்டு. நாயகம் (ஸல்) அவர்கள் உர்வா (ரலி) அவர்களிடம் ஒரு ஆடு வாங்க ஒரு தீனார் கொடுத்தார்கள். அவர் அதற்கு இரண்டு ஆடு வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்து கொடுத்தார். அவர்கள் கோபிக்கவில்லை, அவருடைய வியாபாரத்தில் பரக்கத் வேண்டி துஆ செய்தார்கள். விலைவாசி ஏறியபோது விலை கட்டச் சொன்னவர்களுக்கும் அவர்கள் இணங்கவில்லை. இலாபத்துக்கு இவ்வளவுதான் என்று மார்க்கம் கோடு போடவில்லை. ஆனால் 40-க்கும் 200-க்கும் இடையில் உள்ள அந்த 160 ரூபாயைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பஸ் சத்தம், கடை வாடகை, அலைச்சலின் கூலி அதில் இருக்கின்றன. விற்காமல் தேங்கினால் நட்டம் தன்னுடையது என்று ஏற்ற துணிச்சலுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இவை தாயின் பாலைப் போல ஹலால். இவை போக ஒரு பாகம் மிஞ்சுகிறதே, அந்தச் சகோதரிக்கு விலை தெரியாது என்ற ஒரே காரணத்தால் வந்த பாகம், அதைத்தான் பஸ்ராக்காரர் தூங்காமல் திருப்பிக் கொடுத்தார்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. சென்னையில் என்ன விலைக்குப் போகிறது என்று அவரிடம் சொல்லிவிட்டால் நமக்கு எவ்வளவு குறையும் என்று வியாபாரி தம் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவும் அறியாமையின் விலை. சொல்லியும் குறையாமல் நிற்பதுதான் அவருடைய உழைப்பின் கூலி. சொல்லிவிட்டால் அவரே நேரடியாக விற்றுவிடுவாரே என்ற பயம் வரலாம். விற்கட்டுமே! கைபேசியில் படம் எடுத்து அனுப்பி ஆர்டர் வாங்குகிற இந்தக் காலத்தில், தேடிக் கண்டுபிடித்தேன் என்று சொல்பவர்களில் பலர் பொட்டிபுரம் பக்கம் கால் வைத்ததே இல்லை. உழைத்து விற்றுக் கொடுப்பவரை விட்டுவிட எந்தக் கைவினைக்காரரும் அவசரப்படுவதில்லை. பார்சல் கட்டி அனுப்பி, பணத்துக்குக் காத்திருந்து, திருப்பி வந்த சரக்கைச் சுமப்பது அவர்களால் ஆகிற காரியம் அல்ல.

வாங்கும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. விலைச்சீட்டு ஒட்டிய கண்ணாடிக் கடையில் வாய்திறவாமல் கொடுத்துவிட்டு வந்து, வாசலில் கூடை கொண்டுவந்த பெண்மணியிடம் ஐந்து ரூபாய்க்காகக் கால்மணி நேரம் வாதாடுகிறோம். நாயகம் (ஸல்) அவர்கள் ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகத்தைப் பேரம் பேசித்தான் வாங்கினார்கள். மதீனா வந்ததும் பேசிய விலையையும் கொடுத்து ஒட்டகத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். கைத்தொழிலை இழிவாக எண்ணுகிறவர்கள் அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களை நினைக்கட்டும். தம் கையால் வேலை செய்து, அதில் வந்ததைத் தர்மம் செய்தவர்கள். நபியவர்களின் மனைவியருள் நீண்ட கையுடையவர் என்று போற்றப்பட்டது அதனால்தான்.

பின்னுகிறவருக்கும் கடமை உண்டு, மறுக்கவில்லை. ஈரத்தை அடியில் மறைத்த தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கைவிட்டுப் பார்த்த ஹதீஸ் எல்லாரும் கேட்டதுதான். விசைத்தறிப் பாயைக் கைத்தறி என்று விற்பதும் அந்தக் குவியல்தான்.

இப்போது சில ஊர்களில் கமிஷனுக்கு விற்றுத் தரும் முறை வந்திருக்கிறது: விற்றால் பணம், விற்காவிட்டால் சரக்கு திரும்ப வரும். விலை வெளிப்படையாக இருப்பதால் இது மேலானது என்றே சொல்வேன். ஆனால் இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. சரக்கு விற்று மூன்று மாதம் ஆனபிறகும், இன்னும் போகவில்லை என்று சொல்லி அந்தப் பணத்தைத் தம் வியாபாரத்தில் சுழலவிடுகிறார்கள். வேர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கம் இது. கடனை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகரா அத்தியாயத்து வசனம் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்பதையும் நாம் ஓதித்தான் வருகிறோம். ஆகவே எத்தனை தொப்பி, எத்தனை பாய், என்ன விலை, எத்தனை சதவீதம், எந்தத் தேதி என்று இரண்டு சீட்டு எழுதி, ஒன்று கடையிலும் ஒன்று அந்த வீட்டிலும் இருக்கட்டும். நெய்தவர் இடையில் மௌத்தாகிவிட்டால், கடையில் தொங்கும் பாய் கடைக்காரருடையது ஆகிவிடாது. அது அவருடைய வாரிசுகளின் சொத்து. சீட்டு இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு பாய் இருப்பதே தெரியாமல் போய்விடும்.