பிள்ளையை வழக்குக்கு வெளியே வைப்போம்

யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியான என்னிடம் விவாகரத்து வழக்குப் போட வருகிறவர்கள் கதிரையில் இருந்ததும் கேட்பது, "பிள்ளை ஆருக்கு, மிஸ்?" என்றுதான். சீதன வீடு, நகை, தேடியதேட்டம் எல்லாம் அதற்குப் பிறகு. காணிக்கு உறுதி முடிப்பதுபோலப் பிள்ளையையும் ஒருவர் பெயருக்கு முடித்துத் தரச் சொல்கிறார்கள்.

பிள்ளையை ஒரு பக்கத்துக்கு ஆக்குவது இன்று வந்த பழக்கம் இல்லை. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையை 1707இல் எழுத்தில் தொகுத்துக் கொடுத்தவர் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ். கணவனும் மனைவியும் மனத்தாங்கலால் பிரிந்திருக்கும்போது பிள்ளைகள் பெரும்பாலும் தாயின் பக்கம் சேர்ந்து அவளோடேயே இருந்துவிடுகிறார்கள் என்று அதில் ஓர் இடத்தில் எழுதியிருக்கிறார். முந்நூறு வருடங்களுக்கு முன்பும் எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் இருந்திருக்கிறது. வாசிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

ஆனால் பிள்ளையின் கட்டுக்காவலை இன்று தீர்மானிப்பது தேசவழமை இல்லை, உரோம-டச்சுச் சட்டம். அதன்படி தகப்பனே இயற்கைப் பாதுகாவலன்; அவனுக்குத்தான் முன்னுரிமை. காலப்போக்கில் எங்கள் நீதிமன்றங்கள் பிள்ளையின் நலனை அந்த உரிமைக்கு மேலே வைத்துவிட்டன. சரியான திசைதான். என்றாலும் தகப்பன்மார் பழைய விதியைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். தாய்மார் பிள்ளையின் நலன் என்றால் அது தங்களோடு இருப்பதுதான் என்று நம்பி வருகிறார்கள்.

இந்தச் சண்டையை மூட்டிவிடுவதில் சட்டத்துக்கும் பெரிய பங்கு உண்டு. 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, சோரம்போதல், வேண்டுமென்றே கைவிட்டுச் செல்லுதல், திருமணத்தின்போதே இருந்த தீராத தாம்பத்தியக் குறைபாடு ஆகிய காரணங்களில் ஒன்றைக் காட்டித்தான் விவாகரத்துக் கேட்க வேண்டும். கண்டியச் சட்டத்தின் கீழ் மணந்தவர்கள் இருவரும் சம்மதித்தே பிரியலாம். எங்களுக்கு அந்த வழி இல்லை. மரியாதையாகப் பிரிய நினைக்கும் இருவரில் ஒருவர் மற்றவரைக் குற்றவாளியாக்கியே தீர வேண்டும். குற்றத்துக்குச் சாட்சி வேண்டும். வீட்டுக்குள் நடந்ததைக் கண்ட சாட்சி யார்? பிள்ளைதான்.

ஒரு தவணை நாளில் நீதிமன்ற விறாந்தையில், பள்ளிக்கூடச் சப்பாத்தோடு ஒரு சிறுமி அம்மம்மாவின் பக்கத்தில் வாங்கில் இருந்தாள். எத்தனையாம் வகுப்பு என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. "அப்பா எங்களுக்கு மாசக் காசு கட்டேல்லை" என்றாள். அம்மம்மா தலையசைத்தார். யார் கேட்டாலும் சொல்லவென்று பாடமாக்கிக் கொடுத்த வசனம். எதிர்ப்பக்கத்தில் நின்ற தகப்பனை அவள் களவாகப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள்.

காசையும் பிள்ளையையும் முடிச்சுப் போடுவது இரு பக்கத்தாரும் செய்யும் அநியாயம். "காசு தராதவருக்குப் பிள்ளையைக் காட்டுறதோ?" "பிள்ளையைக் காட்டாதவைக்குக் காசு என்னத்துக்கு?" 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் வரும் வழக்கை நீதவான் நீதிமன்றம் விசாரிக்கிறது. கட்டுக்காவலும் பார்க்கும் உரிமையும் மாவட்ட நீதிமன்றத்தின் விடயம். ஒன்று மற்றதற்கு விலை ஆகாது. பிள்ளையைப் பார்க்காவிட்டாலும் தகப்பன் தாபரிப்புக் கொடுக்க வேண்டும். தாபரிப்பு நிலுவையில் இருந்தாலும் பிள்ளைக்குத் தகப்பன் வேண்டும்.

எங்கள் வழக்குகளில் பாதி வெளிநாட்டிலும் நடக்கிறது. தகப்பன் ரொறன்ரோவில், பிள்ளை இங்கே. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குத் தொலைபேசியில் கதைப்பதென்று இருவரும் ஒப்புக்கொள்வார்கள்; மன்று அதைக் கட்டளையாக்கும். கோடையில் அங்கே அது காலை பத்தரை. நவம்பரில் கனடாவில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னே தள்ளுவார்கள். தகப்பன் வழமைபோலப் பத்தரைக்கு எடுக்கும்போது இங்கே ஒன்பது மணி. பிள்ளை காத்திருந்து நித்திரையாகிவிட்டிருக்கும். திங்கட்கிழமை தாய் என்னிடம் வருவார்: "அவர் கட்டளையை மீறிட்டார், மிஸ்." மணிக்கூட்டின் கதையைச் சொல்லிவிட்டு, அடுத்த சனிக்கிழமை ஒன்பது மணிவரை விழித்திருக்க விடுங்கள் என்பேன்.

கோபத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். சர்வதேசப் பிள்ளைக் கடத்தல் பற்றிய 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கைக்கு இலங்கை 2001இன் 10ஆம் இலக்கச் சட்டத்தால் வழி செய்திருக்கிறது. அதில் எங்களோடு இணைந்த நாடொன்றிலிருந்து, பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை மற்றப் பெற்றோரின் கட்டுக்காவல் உரிமையை மீறிக் கொண்டுவந்தால், ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் அந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பச் சொல்வதே பொது விதி. "பெத்த தாய்க்கு என்ன கடத்தல்?" என்று கேட்கிறார்கள். பெற்ற தாயும் தகப்பனும் செய்வதைப் பற்றித்தான் அந்த உடன்படிக்கை முக்கியமாகப் பேசுகிறது.

இருவரும் வேண்டும் என்று நான் சொல்வதற்கு ஒரு விலக்கு உண்டு. அடியும் குடியும் பயமும் இருந்த வீட்டில் சமரசம் பேசிப் பிள்ளையை ஆபத்துக்குள் அனுப்பக் கூடாது. 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. "குடும்பம் எண்டால் அப்பிடித்தான், பொறுத்துப் போ பிள்ளை" என்று அனுப்பிவைக்கும் உறவினர்கள் தயவுசெய்து தள்ளி நில்லுங்கள்.

மற்ற எல்லாரிடமும் கேட்பது ஒன்றுதான். வழக்குப் போட முதல் இருவருமாக ஒரு தாள் எழுதுங்கள். பள்ளிக்கூட நாட்களில் பிள்ளை எங்கே படுக்கும், நல்லூர்த் திருவிழாவுக்கு யார் கூட்டிப் போவது, அப்பம்மாவை எப்போது பார்க்கும், காய்ச்சல் வந்தால் யார் யாருக்கு அறிவிப்பது என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொண்டு வாருங்கள். அதை மன்றில் வைத்துக் கட்டளையாக்கித் தரக் கேட்பது எங்கள் வேலை. உங்கள் வழக்கை நீங்கள் எத்தனை வருடமும் நடத்துங்கள். பிள்ளையின் விடயத்தை முதல் தவணையிலேயே முடித்துவிடுங்கள்.