சன்னதுக்குக் காத்திருக்காதே!

உனக்கு இன்னும் வக்கீல் சன்னது வரவில்லை. கறுப்புக் கோட்டு தைக்கவில்லை. சரி.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம் என்று யார் சொன்னது?

ராதாபுரத்திலிருந்து பஸ் ஏறி, திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரிக்குப் போகிறாய். உன் தெருவில் சட்டம் படிக்கப் போன முதல் பிள்ளை நீ. தெருவுக்கு அது தெரியும். உனக்குத் தெரியுமா?

மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றுகிறாள் ஒரு அத்தை. லோன் வாங்கித் தருகிறேன் என்று ஒருவன் ஆதார், பான் கார்டு நகலை வாங்கிப் போனான். லோன் வரவில்லை. ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தது!

கோடிக்கணக்கில் வியாபாரம் செய்தாளாம். வரி பாக்கியாம். கூலிக்காரர்கள் பெயரில் கம்பெனி தொடங்கி வரி ஏய்க்கும் இந்த அக்கிரமம் தமிழ்நாட்டில் ஒரு ஊரோடு நிற்கவில்லை.

அவள் ஆடிட்டரிடமா போவாள்? உன்னிடம்தான் வருவாள். "எய்யா, இதுல என்ன போட்டுருக்கு?"

நீ என்ன சொன்னாய்? "டேக்ஸ் எனக்குத் தெரியாது அத்தை. அது அடுத்த வருஷப் பாடம்."

நோட்டீஸ் உன் பாடத்திட்டத்தைப் பார்த்தா வரும்? தெரியாததைப் படிக்கத்தானே போனாய்! இன்றைக்கே படி!

அந்தத் தாளை விரி. 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கும். முதல் 2 இலக்கம் மாநிலம். தமிழ்நாட்டுக்கு 33. டெல்லிக்கு 07. அடுத்த 10 இலக்கம் பான் எண்.

07 என்று இருக்கிறதா? வள்ளியூரைத் தாண்டாத அத்தைக்கு டெல்லியில் எப்படிக் கடை வந்தது? பார்த்தாயா, கேட்க வேண்டிய முதல் கேள்வியை நீயே பிடித்துவிட்டாய்!

விடாதே. அந்தப் பான் எண்ணில் எத்தனை பதிவு இருக்கிறது என்று ஜிஎஸ்டி இணையதளமே காட்டும். பதிவு எந்தத் தேதி? அன்றைக்கு அத்தை எந்தப் பீடிக் கடையில் இலை வாங்கினாள்? கணக்கு அட்டையை எடு. வங்கிப் பாஸ்புக்கை எடு. போலீசில் புகார் கொடுக்கக் கூடவே போ. நகலை வாங்கி வை.

இதற்கெல்லாம் கோட்டு வேண்டுமா?

"நோட்டீஸுக்குப் பதிலைத் தப்பாக எழுதிவிட்டால்?" பயம் நியாயம்தான். அதைச் சாக்காக்குவதுதான் அநியாயம்! எழுது. ஆசிரியரிடம் காட்டு. அடித்துத் திருத்துவார். மறுபடி எழுது. சட்டக் கல்லூரி என்றால் சட்ட உதவி மையம் நடத்தியே ஆக வேண்டும் என்று பார் கவுன்சில் விதி போட்டிருப்பது எதற்கு?

நீதிமன்றத்தில் நின்று வாதாட உனக்கு இன்னும் உரிமை இல்லை. அதற்கு வக்கீல் வேண்டும். காசில்லாமலே கிடைப்பார்! 1987-ஆம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் பெண்ணுக்கு வருமான வரம்பே கிடையாது. தீர்ப்பாயத்து வழக்குக்கும் அந்த உதவி உண்டு. 15100-க்கு போன் போடு. அத்தைக்கு இது தெரியாது. சொல்ல வேண்டியவன் நீ. சொல்ல வேண்டியவள் நீ!

அமெரிக்காவில் ஏழைகளின் வரி வழக்குக்கென்றே உதவி மையங்களுக்கு அரசுப் பணம் தர 1998-இல் சட்டம் போட்டார்கள். பல மையங்கள் சட்டக் கல்லூரிகளில்தான் நடக்கின்றன. ஆசிரியர் மேற்பார்வையில், தனி அனுமதி வாங்கி, மாணவர்களே வரித்துறை முன் நிற்கிறார்கள். அவர்களும் உன்னைப் போல மாணவர்கள்தான். முதல் நாள் அவர்களுக்கும் கால் நடுங்கியிருக்காதா?

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் தெரியுமா? பதில் போகாத நோட்டீஸ் உத்தரவாகிவிடும். மேல்முறையீட்டுக்கு 3 மாதம். அதற்கும் வழக்கிலுள்ள வரியில் 10 சதவீதம் முன்பணம் கட்ட வேண்டும். 1 கோடி வரி என்றால் 10 லட்சம்! பீடி சுற்றியா கட்டுவாள்?

ஆகவே அந்த முதல் பதில்தான் உயிர். அதை எழுதும் கை உன் கை!

ஒருவேளை அதிகாரி ஏற்கவில்லையா? துவண்டு உட்காராதே. என்ன ஆதாரம் போதவில்லை என்று உத்தரவிலேயே தேடு. மேல்முறையீட்டுக்கு அதைத் தயார் செய்.

இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போகிறாய் அல்லவா? போனதும் அந்த நோட்டீஸைக் கேட்டு வாங்கு. கெடு தேதியை நோட்டில் குறி. திங்கட்கிழமை கல்லூரியின் சட்ட உதவி மையத்துக்குப் போ.

பூட்டியிருக்கிறதா? ஆசிரியரைக் கையோடு கூட்டி வந்து திற!