பதினெட்டில் ஒன்று குறைந்தால்

ஹேண்டிகேப் 18லிருந்து 17க்கு இறங்கிய வாரம் ஆட்டக்காரரின் நடையே மாறிவிடுகிறது. தர்மபுரியிலிருந்து கோல்ஃப் ஆட எனக்குப் பெங்களூர்தான் வழி. கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டுவதற்குள் மனத்துக்குள்ளேயே ஒரு சுற்று ஆடி முடித்திருப்பேன்.

அந்த ஒன்று எங்கே குறைந்தது என்று அட்டையைப் பார்ப்பவர்கள் குறைவு. ஒவ்வொரு ஹோலுக்கும் ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் என்று ஓர் எண் உண்டு. 1 என்பது ஓர் அடி சலுகை மிகவும் தேவைப்படும் ஹோல், 18 என்பது அது ஆகக் குறைவாகத் தேவைப்படும் ஹோல். 18 ஹேண்டிகேப்காரருக்கு எல்லா ஹோலிலும் ஓர் அடி சலுகை. 17 ஆனால் அவர் இழப்பது அந்தப் பதினெட்டாம் எண் ஹோலில் மட்டும். மற்ற 17 ஹோல்களிலும் நேற்றிருந்தது அப்படியே இருக்கிறது. அவரோ எல்லா இடத்திலும் மாறிவிடுகிறார். போன மாதம் தண்ணீருக்கு முன்னால் பந்தை நிறுத்தியவர், இப்போது தாண்டி அடிக்கப் பார்க்கிறார்.

*

ஹேண்டிகேப்பைச் சராசரி என்று நினைப்பதில்தான் பாதிச் சங்கடம். 2020இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் கடைசி 20 சுற்றுகளில் சிறந்த 8ஐ மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். மீதி 12 கணக்கிலேயே இல்லை. ஆக அது நம்முடைய நல்ல நாட்களின் எண். சாதாரண ஞாயிற்றுக்கிழமை அதைவிடச் சில அடி கூடுதலாகப் போவதே இயல்பு. இது தெரியாதவர் ஐந்தாவது ஹோலிலேயே பதறுகிறார். மரத்தடியில் கிடக்கும் பந்தைப் பக்கவாட்டில் ஃபேர்வேக்கு எடுக்காமல், கிளைகளின் சந்தில் அடித்துப் பார்க்கிறார்.

எண் ஏறுவதும் விசித்திரம்தான். புது ஸ்கோர் உள்ளே வந்தால் மிகப் பழையது வெளியே போகும். போனது நல்ல ஆட்டமாக இருந்தால், இன்று சுமாராக ஆடியதற்கே எண் கூடும். வேண்டுமென்றே மோசமாக ஆடி எண்ணை ஊதிவைக்கும் கில்லாடிகளும் உண்டு. அதற்குக் கடிவாளமாக, ஓராண்டின் குறைந்த எண்ணிலிருந்து 5க்கு மேல் ஏற விடுவதில்லை.

*

ஒகேனக்கல்லில் பரிசல் விடுவது பிலிகுண்டுலுவில் அன்று எத்தனை கன அடி நீர்வரத்து என்பதைப் பொறுத்தது. துடுப்புப் பிடிக்கும் கை நேற்றைய கைதான். பரிசல்காரர் விசாரிப்பது ஆற்றை. கோல்ஃபிலும் மைதானத்துக்கென்று ஸ்லோப் எண் இருக்கிறது: அடிப்படை 113, அதிகபட்சம் 155. நம் ஹேண்டிகேப் இண்டெக்ஸை அதனால் பெருக்கி 113ஆல் வகுத்து, கோர்ஸ் ரேட்டிங்குக்கும் பாருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சேர்த்தால் அந்த மைதானத்துக்கான சலுகை கிடைக்கும். டீயில் நிற்கும்போது யாரும் இதை நினைப்பதில்லை. என் நம்பர் என்ன என்ற நினைப்புதான் ஓடுகிறது.

*

பார் 4, ஓர் அடி சலுகை உள்ள ஹோல். அங்கே 9 அடித்தாலும் ஹேண்டிகேப் கணக்கில் 7தான் ஏறும். அதனால் நண்பர்களோடு ஆடும்போது, ஆறு அடி ஆன பிறகும் பங்கரில் கிடக்கும் பந்தை எப்படி வேண்டுமானாலும் விளாசலாம். ஸ்ட்ரோக் பிளே போட்டியில் அதே மணலில் ஒவ்வோர் அடியும் எண்ணப்படும். அங்கே கொடிப்பக்கம் திரும்பாமல் பந்தை வெளியே போட்டால் போதும்.

மேட்ச் பிளேயில் கணக்கு இன்னும் தெளிவு. எதிராளி 10, நான் 17 என்றால், ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் 1 முதல் 7 வரையுள்ள ஹோல்களில் எனக்கு ஓர் அடி. இண்டெக்ஸ் 3, நீளமான பார் 4. அவர் ட்ரைவரை உருவுகிறார். நான் 5 அயர்னை எடுக்கிறேன். மூன்றில் கிரீன், இரண்டு பட். என் 5ஐ வெல்ல அவர் பேர்டி போட்டாக வேண்டும்.