முன்பணம் தருபவரின் உரிமை

கைத்தொலைபேசியில் இருந்த காசு குறைந்திருக்கிறது. யாரோடும் பேசவில்லை, டேட்டாவும் போடவில்லை. கந்தப்பளை பஜாரில் ரீலோட் போடும் கடைக்காரரிடம் கேட்டால், ஏதாவது ஒரு சேவை ‘ஆன்’ ஆகியிருக்கும் என்பார். அது பாட்டாக இருக்கலாம், ராசிபலனாக இருக்கலாம், கிரிக்கெட் செய்தியாக இருக்கலாம். திரையில் திடீரென்று வந்த கட்டத்தில் விரல் பட்டிருக்கும். அது சம்மதமாகக் கணக்கில் ஏறியிருக்கும். நாளொன்றுக்குப் போவது சில ரூபாய்தான். ஆனாலும் அந்தச் சில ரூபாய் ஓர் அறக் கேள்வியை எழுப்புகிறது: ஒருவர் விளங்கிக்கொள்ளாமல் கொடுத்த சம்மதத்தைக் காட்டி அவருடைய காசை எடுப்பது நியாயமா?

நுவரெலியாவிலிருந்து இராகலைக்குப் போகும் வீதியில் உள்ள ஊர் கந்தப்பளை. பார்க், கோர்ட்லோஜ், கொங்கோடியா என்று சுற்றிலும் தோட்டங்கள். இங்கே கைத்தொலைபேசியை ஆடம்பரம் என்று யாரும் சொல்ல முடியாது. கரட்டும் லீக்ஸும் பயிரிடுபவர் லொறியில் ஏற்றுமுன் விலை கேட்பது அதில்தான். கொழும்பில் கடையில் நிற்கும் மகனும், வளைகுடா நாட்டில் வீட்டுவேலை செய்யும் தாயும் தோட்டக் குடியிருப்பான லயத்துக்கு வந்துபோவது அதன் வழியாகத்தான். 2020-இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் வாட்ஸப்பில் வந்தன; மலையகப் பிள்ளைகள் சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறினார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நுவரெலியா மாவட்டத்தில் மண்சரிவுகளை உண்டாக்கியது. மின்சாரமும் தொலைபேசியும் அறுந்த அந்த நாட்களில், உறவுகள் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்கக்கூட வழி இல்லாமல் குடும்பங்கள் தவித்தன. இவ்வளவு இன்றியமையாத ஒன்றை விற்பவரின் கடமை, விரும்பினால் வாங்கும் பொருளை விற்பவரின் கடமையைவிடக் கனமானது.

இந்த வியாபாரத்தில் காசு எந்தப் பக்கமிருந்து முதலில் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தோட்டத்து வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் ரீலோட் போட்டுப் பேசுபவர்கள். சேவை கிடைக்கும் முன்பே பணம் கொடுத்துவிடுகிறார்கள். மலையகத்தின் பழைய கதை இதற்கு நேர்மாறானது. அன்று ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணி கொடுத்த முன்பணம் தொழிலாளியைக் கடனாளியாக்கியது. ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக, அந்தக் கடனைக் குறித்த ‘துண்டு’ தேவைப்பட்டது. அந்த முறையை 1921-இல் சட்டம் ஒழித்தது. முன்பணம் கொடுத்தவர் அன்று எவ்வளவு அதிகாரம் வைத்திருந்தார் என்பதை அந்த வரலாறு சொல்கிறது. இன்று முன்பணம் கொடுப்பவர் தொழிலாளி. அதிகாரம் மட்டும் கைமாறவில்லை. கொடுத்த காசு எதற்குப் போனது என்று அவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

தோட்டத்துச் சம்பளச் சீட்டில் பிடித்தம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருக்கும். சேமலாப நிதிக்கு இவ்வளவு, சங்கச் சந்தாவுக்கு இவ்வளவு என்று எழுதியிருக்கும். கணக்குப் பிழைத்தால் தோட்ட அலுவலகத்தில் போய்க் கேட்கலாம், சங்கத் தலைவரை அழைத்துப் போகலாம். தொலைபேசியில் நடக்கும் பிடித்தத்துக்கு அப்படி ஒரு சீட்டு கையில் வருவதில்லை. 2024 செப்டெம்பரில்தான் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. இப்படி நாட்சம்பளத்தில் குடும்பம் நடத்துபவருக்குக் காரணம் தெரியாமல் போகும் ஒவ்வொரு ரூபாயும் கணக்குத்தான்.

நிறுவனங்களின் பக்கத்திலும் வாதங்கள் உண்டு, அவற்றை எடுத்தெறிந்து பேசக்கூடாது. மலையில் கோபுரம் கட்டுவது செலவு. பள்ளத்துக்கும் மேட்டுக்கும் சிக்னல் சேர்ப்பது சமவெளியைவிடக் கடினம். மண்சரிவு நாட்களில் உயிரைப் பணயம் வைத்துக் கோபுரங்களைத் திரும்ப இயக்கிய ஊழியர்களின் உழைப்பு மதிக்கத்தக்கது. ஆனால் இந்தச் செலவைக் கட்டணமாக வெளிப்படையாகக் கேட்கலாம். கேட்காத சேவையின் பெயரில் எடுப்பதற்கு அது நியாயம் ஆகாது.

இரண்டாவது வாதம், பிடிக்காவிட்டால் வேறு சிம் போடலாமே என்பது. ஆனால் 2018-இல் எடிசலாட் நிறுவனம் ஹட்சோடு இணைந்தது. 2024-இல் எயார்டெல் லங்கா டயலொக்கோடு இணைந்தது. ஐந்தாக இருந்த நிறுவனங்கள் மூன்றாகிவிட்டன. அந்த மூன்றிலும் ஒரு லயத்தில் ஒன்றுக்குத்தான் சிக்னல் எடுக்கிறது என்றால், அங்கே இருப்பவருக்குத் தெரிவு என்று எதுவும் இல்லை.

மூன்றாவது வாதமே வலுவானது. வாடிக்கையாளர் வயது வந்தவர். பட்டனை அழுத்தியவர் அவர். அவருக்கு விளங்காது என்று நினைப்பதே தோட்டத்து மக்களைக் குழந்தைகளாக நடத்துவது என்கிறது அது. தோட்டத்து மக்களுக்கு ஒன்றும் தெரியாது என்ற எண்ணம் அவர்களைத் தலைமுறை தலைமுறையாகக் காயப்படுத்தி வந்திருப்பதால் இந்த வாதத்தை மதித்தே பதில் சொல்ல வேண்டும். ஒருவரின் அறிவை மதிப்பவர், முடிவெடுக்கத் தேவையான செய்தியை அவர் வாசிக்கும் மொழியில், காசு போகும் முன்பே தருவார். எவ்வளவு பிடிக்கப்படும், எத்தனை நாளைக்கு ஒருமுறை, நிறுத்துவது எப்படி என்ற மூன்றும் தெரிந்த பிறகு அழுத்தினால் பொறுப்பு அழுத்தியவருடையது. தெரியாத மொழியில் வந்த ஒரு வரிக்கு அழுத்தினால் பொறுப்பு அனுப்பியவருடையது.

1987-இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1999-இல் நுவரெலியா பிரதேச செயலகப் பிரிவு இருமொழி நிர்வாகப் பிரிவாக அறிவிக்கப்பட்டது. இவை அரசு அலுவலகங்களுக்கான விதிகள். தனியார் நிறுவனத்தை நேரடியாகக் கட்டுப்படுத்தாதவை. இருந்தாலும் தமிழில் விளம்பரம் செய்து சிம் விற்கத் தெரிந்த நிறுவனத்துக்குத் தமிழில் பிடித்தத்தைச் சொல்லவும் தெரியும்.

டேட்டாவின் காலக்கெடுவையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். ஏழு நாளுக்கென்று வாங்கிய டேட்டா, சிக்னல் இல்லாத நாட்களிலும் நாளை எண்ணிக்கொண்டே போகிறது. சேவை தர முடியாத நாளைத் தந்த நாளாகக் கணக்கில் எழுதுவது அளவில் குறைத்துக் கொடுப்பதற்குச் சமம். வாணிகத்தின் அறத்தை வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தார். பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணுவதே நல்ல வாணிகம் என்றார். தன் பணத்தில் இப்படி ஒரு கழிவை எந்த நிறுவனமும் கேள்வி கேட்காமல் விடாது.

வாடிக்கையாளருக்கும் கடமை உண்டு. ஆனாலும் வரும் குறுஞ்செய்தியைப் பார்ப்பது, சந்தேகம் வந்தால் வீட்டுப் பிள்ளையிடமோ கடைக்காரரிடமோ கேட்பது, எடுத்த காசு சிறிதென்று விட்டுவிடாமல் முறையிடுவது எல்லாம், முறையீட்டைக் கேட்கும் இடம் இருந்தால்தான் பயன் தரும். 1991ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தை 1996-இல் திருத்தியபோது அமைக்கப்பட்ட ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்குப் பாவனையாளர் நலனைக் காப்பது ஒரு கடமையாகவே இருக்கிறது. இந்தியாவில் இத்தகைய சேவைகளுக்கு வாடிக்கையாளர் இரண்டு முறை உறுதிப்படுத்திய பிறகே கட்டணம் எடுக்க வேண்டும் என்று 2013-இல் அங்குள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் கட்டளையிட்டது. இலங்கையிலும் அப்படி ஒரு விதி தமிழிலும் சிங்களத்திலும் நடைமுறைக்கு வர வேண்டும். சேவை கிடைக்காத நாட்களுக்கு டேட்டாவின் கெடு நீள வேண்டும். பிழையாக எடுத்த காசு, கேட்டு அலையாமலே திரும்பி வர வேண்டும்.

ஒருவரிடம் எடுத்தது சில ரூபாய் என்பதால் குற்றம் சிறிதாகிவிடாது. ஆயிரக்கணக்கானோரிடம் எடுத்தால் அது பெருந்தொகை. எடுக்கப்பட்டவர்கள் தனித்தனியாக இருப்பதால்தான் அது கண்ணில் படுவதில்லை. காசை முன்கூட்டியே வாங்குபவர், அதை எதற்கு எடுக்கிறார் என்பதையும் முன்கூட்டியே, கொடுத்தவருக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும். சொல்லாமல் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.