பொருத்தம்

பல்கலைக்கழக நாடகங்களுக்கு நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும் அறைகளில் ‘பொருத்தம்’ என்ற சொல் சர்வ சாதாரணமாகப் புழங்குகிறது. இவன் பொருந்துகிறான், அவள் பொருந்தவில்லை. ஜோசியர் பத்துப் பொருத்தம் பார்க்கிறார், அவற்றுக்குப் பெயராவது உண்டு. இங்கே பார்க்கப்படுவது ஒன்றே ஒன்று. எதற்கு எது பொருந்துகிறது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

எனக்கு இச்சொல் மாணவனாக இருந்தபோது அறிமுகமாயிற்று. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூருக்குப் பஸ்ஸில் போய் ரயிலேற வேண்டும். வழியெல்லாம் ஒரு ராஜாவின் வசனத்தை முணுமுணுத்துக்கொண்டு போனேன். போய்ச் சேர்ந்த இடத்தில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர். பாதி சொல்வதற்குள் ஒருவர் கையுயர்த்தி நிறுத்தினார். “குரல் இருக்கு. ஆனா நாக்குல ஊர் இருக்கு” என்றார். காவல்காரன் வேஷம் கிடைத்தது. அச்சாகப் பொருந்துவதாகச் சொன்னார்கள். இரண்டு நாள் சந்தோஷமாகத்தான் இருந்தேன். மூன்றாம் நாள் உறைத்தது: நான் நடித்ததற்காகத் தேர்வாகவில்லை, நடிக்க வேண்டிய அவசியமே இல்லாதவன் என்று தேர்வாகியிருக்கிறேன்.

கூத்தில் இப்படி இல்லை. துரியோதனன் கட்டுகிறவன் பகலில் ஏர் ஓட்டுகிறவனாக இருக்கலாம். முகத்தில் அரிதாரம், தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை ஏறியபின் பகல் மனிதன் காணாமல் போகிறான். திரௌபதி கட்டுகிறவனும் ஆண்தான். விடியும்வரை தாங்கும் தொண்டையும் காலும் இருக்கிறதா என்பதே கேள்வி. 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் ஆரம்பித்த பாலர் சபையிலும் சாரீரத்துக்குத்தான் மதிப்பு. மகரக்கட்டு வந்து குரல் உடைந்த பையனின் பாடு தனிக்கதை. இவற்றைப் பொற்காலமாக்க நான் தயாரில்லை. எந்தத் தெருக்காரன் சலங்கை கட்டலாம் என்பது களரிக்கு வருமுன்பே முடிவாகிவிட்ட ஊர்கள் உண்டு. அந்தத் தேர்வு மேசை போட்டு நடக்கவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் வேஷக்காரனை அவனிடமிருந்தே விலக்கி நிறுத்தும் ஒரு மரியாதை அதில் இருந்தது. 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை நடிகனின் உடம்பைப் பழக்க வேண்டிய ஒன்றாகப் பார்த்தது. கல்லூரி மேடைகளில் நமக்கு மிஞ்சியதோ முகப்பொருத்தம்.

இரண்டு வருஷங்களுக்கு முன் அரியலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில், பல்கலைக்கழக விழாவுக்கான நாடகத்துக்காக, மேசைக்குப் பின்னால் நானே உட்கார நேர்ந்தது. சுண்ணாம்புக்கல் சுரங்கம் பற்றிய நாடகம். வந்த பையன்களில் ஒருவன் ராஜேந்திர சோழனின் பேச்சைத் தானே எழுதிக்கொண்டு வந்திருந்தான். கங்கைகொண்ட சோழபுரம் இருக்கும் மாவட்டத்தில் இதில் ஆச்சரியமில்லை. எங்கள் நாடகத்தில் ராஜா கிடையாது. அவன் அப்பா சுரங்கத்தில் வேலை பார்க்கிறார் என்பதைத் தாளில் படித்துவிட்டிருந்தேன். பாதியில் கையுயர்த்தினேன். “ராஜா வேண்டாம். தொழிலாளி வசனத்தைப் படி. வீட்ல பேசுறபடியே பேசு தம்பி” என்றேன்.

“அதுக்கு நான் எதுக்கு சார்? எங்கப்பாவையே கூட்டியாரேன்” என்றான்.

மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

‘இருத்தலும் இன்மையும்’ (1943) நூலில் சார்த்தர் காப்பிக்கடையில் பரிமாறுகிறவன் ஒருவனைக் கவனிக்கிறார். அவன் பரிமாறுகிறவனாக இருப்பதை நடித்துக்கொண்டிருக்கிறான் என்பது அவர் கண்டது. கல்லைப் பாறையாக இருப்பதுபோல் யாரும் தொழிலாளியாக இருப்பதில்லை. பையனின் அப்பாவும் மேஸ்திரி வரும்போது ஒரு விதமாகவும் போனபின் வேறு விதமாகவும் நிற்பார். அப்படியானால் நான் பையனிடம் கேட்டது அவன் அப்பாவை அல்ல. அவன் அப்பாவைப் பற்றி எனக்குள் ஏற்கெனவே இருந்த ஒரு படத்தை. அதற்கு அவன் முகத்தையும் நாக்கையும் இரவல் கேட்டேன். அதற்கு நான் வைத்த பெயர் இயல்பு.

சுரங்கத்தையே பார்க்காத நகரத்துப் பையன் முகத்தில் புழுதி பூசிக்கொண்டு வந்தால் சரியாகிவிடுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆகாது. பேச இடம் கிடைக்காதவர்களுக்காக மற்றவர்களே பேசிப் பேசி அலுத்துப்போன மேடை நம்முடையது. அந்த வேஷத்தை அவன் கேட்டு வாங்கியிருந்தால் எனக்கு இந்த உறுத்தல் இருந்திருக்காது என்று படுகிறது. ஆனால் கேட்பதற்கு நான் இடம் வைத்தேனா? தொழிலாளி, மேஸ்திரி, கிழவி என்று பட்டியல் போட்டு, ஆட்களைப் பார்க்குமுன்பே ஒவ்வொன்றுக்கும் முகம் வைத்திருந்தேன். அநீதி நடந்தது தவறான ஆளைத் தேர்ந்ததில் இல்லை. சரியான ஆளைத் தேர்ந்ததில்.

ஒத்திகைக்கு இரண்டு நாள் அவன் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து மேஸ்திரி வேஷம் வேண்டும் என்றான். மறுக்க எனக்கு வாய் வரவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். எதிரில் நின்றவன் பேச ஆரம்பித்ததும் பாதியில் கையுயர்த்தி நிறுத்தினான். அந்தக் கை என்னுடையது.