வராத வாடகைக்கு வரி

ஒரு குடும்பம் தான் கட்டிய வீட்டிலோ முன்னோர் விட்டுச்சென்ற வீட்டிலோ தானே குடியிருக்கும்போது அவ்வீட்டால் அதற்குப் பண வருமானம் எதுவும் இல்லை. ஆயினும் அரையாண்டுக்கு ஒருமுறை அவ்வீட்டின் பேரில் நகராட்சிக்குச் சொத்து வரி கட்டியாக வேண்டும். ஈட்டியவரிடம் ஈட்டியதில் ஒரு பங்கைக் கேட்பதில் உள்ள நியாயம் எவருக்கும் எளிதில் விளங்கும். ஈட்டாத ஒன்றுக்காகக் கேட்பது எப்படி நியாயமாகும் என்பதே, நூற்பாலைகளால் வளர்ந்த ராஜபாளையத்திலும், அதன் அண்டை ஊராகிய, 1894 முதல் நகராட்சியாக விளங்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஒவ்வொரு வரி உயர்வின்போதும் எழும் கேள்வி.

இக்கேள்விக்குச் சட்டம் தந்த விடை ஒரு கற்பனையின்மேல் நிற்கிறது. இவ்விரு நகராட்சிகளையும் நெடுங்காலம் ஆண்ட 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம், ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் நியாயமாக எவ்வளவு கிடைக்குமோ அதைக் கணக்கிட்டு, கட்டடத்துக்குரிய பகுதியில் பழுதுபார்ப்புக்கென 10 விழுக்காட்டைக் கழித்து, எஞ்சியதை ‘ஆண்டு மதிப்பு’ என்று கொண்டது. வீட்டை எவருக்கும் வாடகைக்கு விடாமல் உரிமையாளரே குடியிருந்தாலும் இக்கணக்கு மாறவில்லை. இதே சட்டத்தின்கீழ் எழுந்த குண்டூர் நகராட்சி வழக்கில், வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அனுமதிக்கும் நியாய வாடகைக்கு மேல் ஆண்டு மதிப்பைக் கற்பிக்கக் கூடாதென உச்ச நீதிமன்றம் 1970இல் தீர்ப்பளித்ததால், கற்பனைக்கும் ஓர் எல்லை உண்டு என்பது உறுதியாயிற்று. மாறாக, 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், உரிமையாளர் தாமே குடியிருக்கும் வீட்டின் ஆண்டு மதிப்பைச் சுழியம் என்றே கொண்டது. ஒரே வீடு தில்லியின் கணக்கில் வருவாயற்றதாகவும் நகராட்சியின் கணக்கில் வாடகை தருவதாகவும் இருப்பதைக் கண்டு வரி கட்டுபவர் திகைத்தால், அத்திகைப்பை அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

இத்திகைப்பு புதிதுமன்று. 1810இல் கிழக்கிந்தியக் கம்பெனி காசி நகரத்து வீடுகளுக்கு வாடகை மதிப்பில் 5 விழுக்காடும் கடைகளுக்கு 10 விழுக்காடும் வரி விதித்தபோது, மக்கள் கடைகளை அடைத்து, வீடுகளைவிட்டு வெளியேறித் திறந்த வெளியில் கூடியிருந்து எதிர்த்தனர். கம்பெனி முதலில் விலக்குகள் அளித்துப் பார்த்து, பின்னர் அவ்வரியையே கைவிட்டது. வரலாற்றாய்வாளர் தரம்பால் 1971இல் வெளியிட்ட நூலால் பலரறிய வந்த அந்த எதிர்ப்பு, குடியிருக்கும் வீட்டை வருமானப் பொருளாகக் கருத மறுக்கும் உணர்வு எவ்வளவு ஆழமானது என்பதைக் காட்டுகிறது.

ஆயினும் உணர்வு ஆழமானது என்பதாலேயே அது சரியாகிவிடுவதில்லை. ராஜபாளையத்தில் ஒரே ஆலையில் ஒரே கூலி பெறும் இருவரில் ஒருவர் சொந்த வீட்டிலும் மற்றவர் வாடகை வீட்டிலும் குடியிருந்தால், மாத இறுதியில் இருவர் கையிலும் எஞ்சுவது ஒன்றாக இராது. முதலாமவருக்கு வாடகை வராவிடினும் வாடகை போவதுமில்லை. அந்த மிச்சம் உண்மையானதே. மேலும், வாடகை வீட்டின் சொத்து வரி பெரும்பாலும் வாடகைக்குள் புகுந்து குடியிருப்பவர் தலையிலேயே விழுவதால், சொந்த வீடுகளுக்கு முழு விலக்கு அளித்தால் தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை ஆகியவற்றின் செலவில் பெரும்பகுதியை வீடற்றவர்களும் கடைக்காரர்களுமே சுமக்க நேரும். வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் சேரும் நூலக வரியையும் அவர்களே தாங்க, அந்நூலகத்தில் எல்லாரும் படிப்பர். 2022 தொடக்கத்தில் மும்பையில் 500 சதுர அடி வரையுள்ள குடியிருப்புகளுக்குச் சொத்து வரி விலக்கப்பட்டது. அது அங்குள்ள சிறு வீட்டாருக்கு நன்மையே. பெருவணிக வருவாய் உள்ள மாநகராட்சி தாங்கக்கூடிய அந்த இழப்பை, 2011 கணக்கெடுப்பில் முக்கால் லட்சம் மக்களையே கொண்டிருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் தாங்குமா என்பது ஐயத்துக்குரியது.

ஆக, வரி விதிப்பதில் அநீதி இல்லை; அதை அளக்கும் முறையில் இருக்கக்கூடும். தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் நகராட்சிகளுக்கு அறிவிக்கப்பட்ட உயர்வு, குடியிருப்புகளுள் 600 சதுர அடிக்கு உட்பட்டவற்றுக்கு 25 விழுக்காடும், 1,200 வரை 50 விழுக்காடும், 1,800 வரை 75 விழுக்காடும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 100 விழுக்காடும் என அமைந்தது. சிறிய வீட்டுக்குச் சிறிய உயர்வு என்ற எண்ணம் நல்லதே. ஆனால் பரப்பளவைக்கொண்டு வசதியை அளக்கலாம் என்ற எண்ணம், சென்னை அடுக்ககத்தில் ஓரளவு பொருந்தினாலும், ஸ்ரீவில்லிபுத்தூரின் ரத வீதிகளிலும் ராஜபாளையத்தின் பழையபாளையம் போன்ற பகுதிகளிலும் தடுமாறுகிறது. திண்ணை, முற்றம், பின்கட்டு என நீளும் பழைய ஓட்டு வீடு பரப்பில் பெரியது. அதில் ஓய்வூதியம்கூட இல்லாத ஒரு மூதாட்டி மட்டுமே இருக்கலாம். இரு சம்பளம் வரும் இளம் தம்பதியரின் புதிய சிறு வீட்டுக்கு 25 விழுக்காடு, மூதாட்டியின் பழைய வீட்டுக்கு 100 விழுக்காடு. மேலும், பழைய வரியின்மேல் விழுக்காடு ஏற்றும்போது, அப்பழைய மதிப்பீட்டிலிருந்த பிழைகளும் சேர்ந்தே பெருகுகின்றன: குறைத்து மதிப்பிடப்பட்ட வீடு தொடர்ந்து குறைவாகவே கட்டும்.

உயர்வின் அளவைவிட அதன் காலமே அறக்கண்ணோட்டத்தில் கூடுதல் கவனத்துக்குரியது. நகராட்சிகளில் 2008க்குப் பின் பத்து ஆண்டுகள் வரி உயரவில்லை. 2018இல் உயர்த்தப்பட்டபோது, 2016இலேயே பதவிக்காலம் முடிந்துவிட்டதால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் எங்கும் இல்லை. உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழுந்த 2019 நவம்பரில் அவ்வுயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்து முடிந்து ஆறு வாரங்களுக்குள் புதிய உயர்வு வந்தது. மாநில உற்பத்தி வளர்ச்சிக்கு ஏற்பச் சொத்து வரியை உயர்த்தினால்தான் மானியம் என்ற 15ஆவது நிதிக்குழுவின் நிபந்தனை காரணமாகக் காட்டப்பட்டது. தில்லியில் பிறந்த நிபந்தனையைச் சென்னை ஆணையாக்க, ஊர் மன்றம் தீர்மானம் நிறைவேற்றித் தர, வீட்டுக்காரர் யாரிடம் முறையிடுவது? வாக்குக் கேட்கும்போது மறைத்து, வாக்கு விழுந்தபின் நீட்டப்படும் ரசீது, தொகை சிறிதானாலும் ஏமாற்றமே. இதனுடன் ஒப்பிட, சென்னை மாநகராட்சி 2024 செப்டம்பரில் ஏற்ற 6 விழுக்காடு போன்ற சிறு உயர்வு, எவருக்கும் பிடிக்காததாயினும், பதினான்கு ஆண்டுகள் உறங்கிவிட்டுத் திடீரென இரட்டிப்பாக்குவதைவிட நேர்மையானது; குடும்பம் அதை எதிர்பார்த்துத் திட்டமிடலாம்.

வரியை வேண்டாமென்பவர்களிடையே, வரி போடுங்கள் என்று கேட்டு நிற்பவர்களும் உண்டு என்பது இவ்விவாதத்தில் எளிதில் மறக்கப்படுகிறது. பட்டா இல்லாத இடத்தில் குடியிருப்பவருக்கு வீட்டு வரி ரசீதே தாம் அங்கே வாழ்வதற்கான சான்று. மின் இணைப்புக்கும் முகவரிக்கும் அதையே நீட்டுகிறார். ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது என்று நீதிமன்றங்கள் எத்தனை முறை சொன்னாலும், அது பத்திரமாகப் பெட்டிக்குள் வைக்கப்படுகிறது. விலக்கு என்ற பெயரில் இவர்களைப் பதிவேட்டிலிருந்தே விட்டுவிடுவது இரக்கமாகாது. பெயரளவுக்கு ஒரு தொகை பெற்றுப் பதிவேட்டில் வைத்திருப்பதே அவர்கள் விரும்பும் நீதி.

முன்பு கண்ட மூதாட்டிக்கும் விலக்கைவிடப் பொருத்தமான வழி ஒன்று உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 55 வயது கடந்தவர்கள் குடியிருக்கும் வீட்டுக்குரிய சொத்து வரியை ஒத்திவைக்கலாம்; மாகாண அரசு அதை நகராட்சிக்குச் செலுத்திவிட்டு, வீடு கைமாறும்போது வட்டியோடு திரும்பப் பெறுகிறது. நகராட்சியின் வருவாயும் குறைவதில்லை, முதியவர் வீட்டைவிட்டு வெளியேறவும் நேர்வதில்லை. இங்கே 1920ஆம் ஆண்டுச் சட்டமே சொத்து வரியை அச்சொத்தின்மீதான முதல் பொறுப்பாக, அதாவது வீட்டை விற்றால் பிற கடன்களுக்கு முன்னால் தீர்க்கவேண்டியதாக, வகுத்திருந்ததால், இம்முறை நம் மரபுக்கு அந்நியமானதன்று. தாமதத்துக்கு அபராத வட்டி விதிக்காமல் மிதமான வட்டி மட்டும் சேர்ப்பதும், நகராட்சிக்கு அதுவரை அத்தொகையை மாநில அரசு தருவதுமே வேண்டிய மாற்றங்கள். பூர்வீக வீட்டில் கடன் ஏறுகிறதே என்று வாரிசுகள் வருந்தக்கூடும். அவர்களுள் பலர் சென்னையிலும் வெளிநாட்டிலும் சம்பாதிப்பவர்கள்; நாளை அவ்வீட்டின் விலையைப் பங்கிட்டுக்கொள்ளப் போகிறவர்கள். கடன் ஏறுவது பிடிக்காவிட்டால் தாயின் பெயரிலுள்ள வரியை அரையாண்டுதோறும் இணையம் வழியே அவர்களே கட்டிவிட எந்தச் சட்டமும் தடையாக இல்லை.